டபுள் ஷீட் பாட்டு

அந்த வீட்டில் பாட்டுகளுக்குப் பெயர் கிடையாது, அளவுதான் உண்டு. குதித்துக்கொண்டு ஓடுகிற பாட்டு என்றால் அது தலையணை உறைப் பாட்டு. நிதானமாக நடந்தால் சிங்கிள் ஷீட். பாடுகிறவர் ஒரு வரியை முடிப்பதற்குள் கேட்கிறவர் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட முடியுமானால் டபுள் ஷீட். அதற்கும் மேல் இழுத்தால் திரைச்சீலை. பாட்டை எழுதியது யார், இசை யார், எந்தச் சந்தர்ப்பத்தில் வருகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. "ஏய், உறைப் பாட்டு ஒண்ணு போடுப்பா" என்று சலவை மெஷின் பக்கமிருந்து மாமா கத்தினால், என்ன வேண்டும் என்று எல்லோருக்கும் விளங்கிவிடும்.

வீடும் லாண்டரியும் ஒரே கட்டடம். முன்பக்கம் வேலை, பின்பக்கம் சமையல், மேலே படுக்கை. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்தும் இரண்டு லாட்ஜுகளிலிருந்தும் தினமும் மூட்டைகள் வரும். வந்த மூட்டை துவைபட்டு, பிழிபட்டு, பாதி ஈரத்தோடு ரோலருக்குப் போகும். ரோலர் என்பது ஒரு ஆள் நீளத்துக்கு மேல் இருக்கும் சூடான உருளை. ஒரு பக்கம் இரண்டு பேர் எதிரெதிராக நின்று, ஷீட்டின் இரண்டு மூலைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து உள்ளே விட வேண்டும். அந்தப் பக்கம் இரண்டு பேர் சுடச்சுட வாங்கி மடிக்க வேண்டும். ரோலர் யாருக்காகவும் நிற்காது. விடுகிற இரண்டு பேரும் ஒரே நொடியில் விட்டால் ஷீட் கண்ணாடிபோல் வரும். ஒருத்தி அரை நொடி முந்தினாலும் கோணலாகப் போய், குறுக்கே ஒரு மடிப்பு விழுந்து, அந்த மடிப்பையும் ரோலர் பொறுப்பாக அழுத்தி அனுப்பிவிடும். மறுபடி தண்ணீர் தெளித்து முதலிலிருந்து செய்ய வேண்டும். அதற்காகத்தான் பாட்டு. பாட்டு ஒரு இடத்தில் அடிக்கும், கைகள் அந்த இடத்தில் விடும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. விடும்போது ஷீட்டில் போகாத கறை கண்ணில் பட்டால், அந்தக் கறையின் பெயரைக் கத்த வேண்டும். "டீ!" என்றோ "எண்ணெய்!" என்றோ குரல் வந்தால், வாங்குகிறவர்கள் அதை மடிக்காமல் தனியாகப் போட்டுவிடுவார்கள். ரோலர் இரைச்சலில் மெதுவாகச் சொன்னால் கேட்காது. அதனால் அந்த வீட்டில் யாரும் மெதுவாகப் பேசிப் பழகவில்லை. ரகசியங்கள்கூட உரத்த குரலில்தான் சொல்லப்படும்.

வாங்குகிற பக்கம் அப்பாவும் அம்மாவும். விடுகிற பக்கம் மகளும் கறையக்காவும். மெஷின் பக்கம் அம்மாவின் தம்பி, மாமா. கறையக்கா வீட்டு மனுஷி இல்லை, வேலைக்கு வந்தவள். முப்பத்தைந்து வயது. எந்தக் கறையையும் பார்த்த மாத்திரத்தில், அது என்ன, எத்தனை நாள் ஆயிற்று, யார் மேல் தப்பு என்று சொல்லிவிடுவாள் என்பதால் அந்தப் பெயர். மகளுக்கு நீலம் என்று பெயர் வந்ததற்குக் காரணம், மூன்று வயதில் சொட்டு நீலம் கலந்த தொட்டியில் விழுந்தது. ஒரு வாரம் அந்த நிறத்திலேயே இருந்தாளாம். இப்போது இருபத்தாறு.

கீபோர்டுக்காரன் அந்த வீட்டுக்குள் வந்தது ஒரு கோட்டோடு. வாத்தியக் கடையில் வேலை, வார இறுதியில் கச்சேரிக் குழுவில் வாசிப்பு. கோட்டின் மார்பில் தக்காளிச் சாஸ் கறை. கறையக்கா அதை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் பழைய பாட்டுப் பெட்டியில் ஒரு பாட்டு ஓடியது.

"இது என்ன ராகம்னு தெரியுமா?" என்று அவன் பொதுவாகக் கேட்டான்.

"இது டபுள் ஷீட் தம்பி" என்றார் மாமா.

அவன் சிரிக்கவில்லை. நீலம் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான். நாலு வருஷம் அப்படித்தான் தொடங்கியது.

நாலு வருஷத்தில் அவன் அந்த வீட்டுக்கு நல்லது பல செய்தான். இரைச்சலோடு பாடிக்கொண்டிருந்த பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, தன்னுடைய ஸ்பீக்கர்கள் இரண்டைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினான். எந்த நேரத்தில் எந்தப் பாட்டு என்று வரிசைப்படுத்திக் கொடுத்தான். அப்பாவுக்கு அவன் மேல் தனி மதிப்பு. காரணம் இசை இல்லை. "வயரை எவ்வளவு ஒழுங்கா சுருட்டறான் பாரு" என்பார். வயரை ஒழுங்காகச் சுருட்டுகிறவன் குடும்பத்தையும் ஒழுங்காக நடத்துவான் என்பது அவர் கணக்கு.

அவன் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. நீலத்துக்கு வேலை செய்யும்போது கூடவே பாடுகிற பழக்கம் இருந்தது. ஒரு நாள் அவன் மிகவும் அன்பாகச் சொன்னான்: "நீ கேளு. பாடாதே. உனக்குச் சுருதி நிக்கல. எனக்குக் காது கூசுது." அன்பாகச் சொன்னதால் அவளும் அன்பாக நிறுத்திக்கொண்டாள்.

பிரிந்தது ஒரு பஸ் நிறுத்தத்தில். அவன் சொன்ன வாக்கியத்தை நீலம் வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தாள்: "எனக்கு இசை தெரிஞ்ச ஒரு துணை வேணும்."

"அதுக்கு நாலு வருஷமா?" என்றாள் அம்மா.

"இசைன்னா அப்படித்தான்க்கா, பொறுமை வேணும்" என்றார் மாமா. அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் மெஷின் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் ஒரு நண்பனோடு வந்து ஸ்பீக்கர்களைக் கழற்றிக்கொண்டு போனான். வயரை வழக்கம்போல் மிக ஒழுங்காகச் சுருட்டினான். அப்பா அதைக் கண் எடுக்காமல் பார்த்தார். சுவரில் நாலு ஆணி மட்டும் மிச்சம்.

அன்றிலிருந்து நீலம் பாட்டு கேட்கவில்லை. கேட்க முடியவில்லை என்பது சரி. எந்தப் பாட்டை எடுத்தாலும் அதை அவன் ஒரு தடவையாவது விளக்கியிருந்தான். டீக்கடையில் பாட்டு வந்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வருவாள். பஸ்ஸில் பாட்டு வந்தால் இறங்கிவிடுவாள். ஒரு நாள் துணிக்குப் போடும் கஞ்சிப் பசை வாங்கப் போனவள் மூன்று பஸ் மாறி, கடைசியில் நடந்தே வீடு வந்தாள். சாப்பாடு குறைந்தது. சோற்றில் ஒரு பள்ளம் செய்து, பள்ளத்தை மூடி, மறுபடி பள்ளம் செய்து எழுந்துவிடுவாள். வீட்டில் யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. அம்மா அவளை "சாப்பிடறீங்களா?" என்று ஒரு தடவை கேட்டேவிட்டாள்.

பாட்டு இல்லாமல் ரோலரில் ஷீட் கோணலாகப் போகத் தொடங்கியது. முதல் வாரம் நாள் ஒன்றுக்கு ஏழெட்டு. அடுத்த வாரம் இருபது. மாமா பொறுப்பெடுத்துக்கொண்டார். தன்னுடைய சின்ன ரேடியோவைக் கொண்டு வந்து வைத்தார்.

"காதல் இல்லாத பாட்டா பார்த்துப் போடு" என்றாள் அம்மா.

"அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லக்கா."

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது மூன்று நாளில் தெரிந்தது. மாமா காதில் வைத்துக் கேட்டுச் சோதித்துவிட்டுத்தான் சத்தத்தைக் கூட்டுவார். முதல் பாட்டில் நிலா வந்தது. நிலா வந்தால் பின்னாலேயே யார் வருவார் என்று தெரியும், அணைத்தார். இரண்டாவது பாட்டு ஆற்றைப் பற்றியது. நிம்மதியாக விட்டார். மூன்றாவது அடியில் ஆற்றங்கரையில் ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள். பக்திப் பாட்டு பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டால், பாடுகிறவள் சாமியைப் பார்த்து ஏன் என்னை விட்டுப் போனாய் என்று கேட்டாள். தாலாட்டு போட்டார். அழாதே என்று தொடங்கியது. நீலம் ஷீட்டைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

"தாலாட்டுக்கெல்லாமா அழுவாங்க?" என்றார் மாமா.

"உன்னை யாரு அழாதேன்னு இருக்கிற பாட்டைப் போடச் சொன்னா?" என்றாள் அம்மா.

"அழுன்னு சொல்ற தாலாட்டு எங்கக்கா இருக்கு?"

கடைசியில் செய்தியில் வந்து நின்றார்கள். செய்தியில் காதல் கிடையாது, வெள்ளம், விபத்து, விலையேற்றம் என்று மனசுக்கு இதமாக இருந்தது. ஆனால் செய்தி வாசிக்கிறவர் எந்த இடத்தில் நிறுத்துவார் என்று ரோலருக்குத் தெரியாது. அமைச்சரின் பெயருக்கு நடுவில் நிறுத்துவார். கறையக்கா அங்கே விடுவாள், நீலம் அடுத்த சொல்லில் விடுவாள். கோணல் இருபதிலிருந்து முப்பதாயிற்று.

ஆறாவது வாரம், ஒரு புதன்கிழமை, அப்பாவின் போனுக்குச் செய்தி வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் வாசித்தார்.

"அங்கிள், நான் அவசரப்பட்டுட்டேன். நீலத்துகிட்ட பேசணும். ஞாயித்துக்கிழமை காலையில வரட்டுமா?"

பொரித்த முட்டை ஆறிக்கொண்டிருந்தது.

"மனுஷன் தப்ப உணர்ந்திருக்கான்" என்றார் அப்பா. "எனக்கு அனுப்பியிருக்கான் பாரு, பெரியவங்ககிட்ட கேட்டுட்டு வரணும்னு."

"உங்களையா கட்டிக்கப் போறான்?" என்றாள் அம்மா.

"நான் ஒண்ணும் சொல்லல. அவ இப்படியே இருக்கிறதைவிட…"

"எப்படியே?"

எல்லோரும் நீலத்தைப் பார்த்தார்கள். அவள் சோற்றுப் பள்ளத்தை மூடினாள்.

"வரச் சொல்லுங்க" என்றாள்.

"வரச் சொல்லி?" என்றாள் அம்மா.

"தெரியலம்மா. வரட்டும்."

அப்பா உடனே 'வாங்க தம்பி' என்று அடித்து அனுப்பினார். அம்மா தன் தட்டில் இருந்த முட்டையை எடுத்து நீலத்தின் தட்டில் வைத்தாள். பயந்தால் அவளுக்கு வேறெதுவும் செய்யத் தெரியாது.

வியாழன் மத்தியானம் கறை மேஜையில் கறையக்காவும் நீலமும் மட்டும். லாட்ஜிலிருந்து வந்த மேஜை விரிப்பில் ஒரு பெரிய வட்டக் கறை. கறையக்கா துணிக்கு அடியில் கிண்ணத்தை வைத்து, மேலே மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"போகப் போறியா அவன்கூட?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா போகப் போறேன்னு அர்த்தம்."

"அவன் இல்லன்னா ஒண்ணுமே கேக்க முடியலக்கா. எந்தப் பாட்டு வந்தாலும் அவன் சொன்னதுதான் முதல்ல கேக்குது. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டான். அவன் வந்தாலாவது பாட்டு வரும்ல?"

"அதுக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கினா போதும்டி."

நீலத்துக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை.

"நீ பாடி எத்தனை வருஷமாச்சு?" என்றாள் கறையக்கா.

"பாட்டு ஓடின வரைக்கும் தினமும் பாடினேனே. நீங்க எதிர்லதானே நிப்பீங்க."

"எதிர்ல நிக்கிறதாலதான் கேக்கறேன். நாலு வருஷமா வாய் மட்டும்தான் அசைஞ்சுது. மீன் மாதிரி. நான் முதல்ல நினைச்சேன், ரோலர் சத்தத்துல எனக்குத்தான் காது போச்சுன்னு. காசு குடுத்து டாக்டர்கிட்ட காட்டினேன்."

"நிஜமாவா?"

"காது நல்லா இருக்குன்னு சொல்லிட்டான். அப்பதான் புரிஞ்சுது."

நீலம் துணியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். வட்டக் கறை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டிருந்தது. "எனக்குச் சுருதி நிக்காதுக்கா" என்றாள்.

"நிக்காது" என்று உடனே ஒத்துக்கொண்டாள் கறையக்கா. "கழுதை மாதிரி இருக்கும். ஆனா நீ பாடின காலத்துல ஒரு ஷீட்டு கோணலா போனதில்ல. சரி, துணிய இழுத்துப் பிடி."

சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மூட்டை வந்தது. வேறொரு லாண்டரியில் பாய்லர் வெடித்துவிட்டதாம். வெளியே மழை வருகிறேன் வருகிறேன் என்று மிரட்டி, வராமல் புழுங்க வைத்துக்கொண்டிருந்தது. உள்ளே ரோலர் வேறு. ஆஸ்பத்திரி ஸ்டோர் மேடம் காலை எட்டு மணிக்கே போன் செய்தாள்.

"போன வாரம் அனுப்பினது எல்லாம் முகத்துல சுருக்கம் விழுந்த மாதிரி இருக்கு. நோயாளிங்க கேக்கறாங்க. இன்னைக்கு ஒழுங்கா வரலன்னா நாங்க வேற இடம் பார்த்துக்கறோம்."

அம்மா போனை வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள். ரேடியோவில் செய்தி ஓடியது. முதல் ஷீட் நேராகப் போனது. இரண்டாவது ஷீட்டின்போது செய்தி வாசிப்பவர் ஒரு நாட்டின் பெயருக்கு நடுவில் மூச்சு வாங்கினார். கோணல். மூன்றாவது கோணல். நாலாவதில் கறையக்கா தன் மூலையை இழுக்க, நீலம் தன் மூலையை இழுக்க, ஷீட் நடுவில் புடைத்துக்கொண்டு உள்ளே போய், அந்தப் பக்கம் கசக்கிப் போட்ட காகிதம்போல் வந்தது. அப்பா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நீலத்தைப் பார்த்து, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வந்தவர் சிரிப்பதுபோல் சிரித்தார்.

"பரவால்லம்மா. பரவால்ல."

அந்தப் பரவால்லதான் நீலத்தை ஏதோ செய்துவிட்டது. முகம் சிவந்தது.

"அந்த ரேடியோவ நிறுத்துங்க மாமா!"

மாமா நிறுத்தினார். அடுத்த ஷீட்டை எடுத்தார்கள். ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. அது நீலத்தின் பக்கம், அவள்தான் சொல்ல வேண்டும்.

"டீக் கறை!" என்று கத்தினாள். கறையக்கா அந்தச் சொல்லில் விட்டாள். நீலமும் அந்தச் சொல்லில் விட்டாள். ஷீட் நேராகப் போனது.

அடுத்ததில் கறை இல்லை. இருந்தாலும் நீலம் கத்தினாள். "டீக் கறை போச்சு!" 'போச்சு'வில் இரண்டு பேரும் விட்டார்கள். நேராகப் போனது.

அதற்கடுத்ததில் அவள் கத்தவில்லை, இழுத்தாள்.

"டீக் கறை போச்சு, தெளிவாப் போச்சு…"

நாலு வருஷமாக உள்ளே கிடந்த குரல். வெளியே வரும்போது எந்தப் பக்கம் போவதென்று அதற்கே தெரியவில்லை. அவள் தொடங்கிய இடத்துக்கும் பாட்டு இருக்க வேண்டிய இடத்துக்கும் நடுவில் ஒரு லாரி தாராளமாகத் திரும்பலாம். ஆனால் ஷீட் விட வேண்டிய இடத்தில் அந்தக் குரல் ஒரு மயிரிழை தவறவில்லை.

"டீக் கறை போச்சு, தெளிவாப் போச்சு,
மைக் கறை போச்சு, மெதுவாப் போச்சு,
எண்ணெய்க் கறைதான் எங்கே போச்சு?
எதுத்த வீட்டுச் சட்டைக்குப் போச்சு!"

"போச்சு!" என்றாள் கறையக்கா, விட்டுக்கொண்டே.

மாமா பிழிகிற மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அம்மா சூடான ஷீட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். ரோலர் அடுத்ததைத் தள்ளியதும் அவசரமாக வாங்கினாள். பத்து ஷீட் போனது. ஒன்றுகூடக் கோணல் இல்லை. நீலத்துக்குத் தெரிந்த கறைகள் தீர்ந்துவிட்டன. மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த இடைவெளியில் மாமா புகுந்தார். அவருக்கு நல்ல குரல். அதனால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"கோட்டுல ஒரு கறை கூடவே வந்துச்சு,
நாலு வருஷமா நகராம நின்னுச்சு!"

"டேய்!" என்றாள் அம்மா. நீலம் மாமாவைப் பார்த்தாள். மாமா வாளியை எடுத்துக்கொண்டு ஓடத் தயாரானார்.

ஆனால் ஷீட் கையில் இருந்தது. விட்டாக வேண்டும்.

"நகராத கறைக்கு நான் என்ன செய்ய?
கறைக்காகத் துணிய வெட்டுவாங்களா?
வெட்டுவாங்களா, வீசுவாங்களா?
கஞ்சிய போட்டு நிமிர மாட்டாங்களா!"

அழுதுகொண்டேதான் பாடினாள். நன்றாகத் தெரிந்தது. மூக்கு ஒழுகியது, தோளில் துடைத்தாள், விட்டாள், அடுத்த மூலையைப் பிடித்தாள். அழுகை தொண்டையில் அடைக்கும் இடத்தில் குரல் இன்னும் மேலே எகிறியது. ஆனால் அடி தவறவில்லை. கறையக்கா எதிரில் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டு விட்டாள். இப்போது பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, காதிலேயே கேட்டது. பக்கத்துத் தெருவிலும் கேட்டிருக்கும்.

அப்புறம் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. வாங்குகிற பக்கத்திலிருந்து, மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், அப்பா ஒரு வரி போட்டார்.

"வயர சுருட்டிட்டு வாசல் தாண்டினான்,
ஆணிய மட்டும் எனக்கு விட்டுட்டான்!"

அம்மா சிரித்த சிரிப்பில் ஷீட் கைநழுவித் தரையில் விழுந்தது. கறையக்கா உருளைக்குப் பக்கத்தில் சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். நீலம் அழுகையும் சிரிப்புமாக, "அப்பா, தாளம் ஒதைக்குது" என்றாள்.

"எனக்கென்ன இசையா தெரியும்?" என்றார் அப்பா.

அந்த வரிக்குப் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. மத்தியானத்துக்குள் ஸ்டோர் மேடத்தின் மேல் ஒரு அடி, பாய்லர் வெடித்த லாண்டரிக்காரர் மேல் அனுதாபமாக ஒரு அடி, மாமாவின் கல்யாணம் ஆகாத நிலை மேல் நாலு அடி வந்துவிட்டன. டபுள் ஷீட் முடிந்து தலையணை உறை வந்தபோது நீலம் அதே பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் எடுத்தாள். இடையில் மழை வந்ததை யாரும் கவனிக்கவில்லை. மாடியில் காயப்போட்ட வீட்டுத் துணி எல்லாம் நனைந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது மணி மூன்று. நீலம் தட்டை நீட்டினாள். சோறு போட்டாள் அம்மா. இன்னும் நீட்டினாள். இன்னும் போட்டாள். இரண்டு முட்டை. குழம்பு போதவில்லை என்று சட்டியை வழித்தாள். அம்மா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். சட்டி காலியானதும் எழுந்து போய், தண்ணீர் பிடிக்கிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு, முகத்தை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"தொண்டை வலிக்குது" என்றாள் நீலம்.

"வலிக்கும்" என்றாள் கறையக்கா. "எங்களுக்குக் காது வலிக்குது."

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கு விடுமுறை கிடையாது, அதனால் அவர்களுக்கும் கிடையாது. பத்து மணிக்கு ரோலர் முழுச் சூட்டில் ஓடிக்கொண்டிருந்தபோது கீபோர்டுக்காரன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு கேக் பெட்டி. வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே பாட்டு.

அப்பா அவனைப் பார்த்தார். கையில் ஷீட் இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார். மாமா முன்னால் வந்தார்.

"உக்காருங்க தம்பி. பாட்டு முடியட்டும்."

"எப்ப முடியும்?"

மாமா மூட்டையைப் பார்த்து எண்ணினார். "டீ நேரத்துக்குள்ள இன்னும் எழுபது ஷீட் இருக்கு."

உட்கார நாற்காலி இல்லை. அவன் ஒரு அழுக்கு மூட்டையின் மேல் கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நல்ல காது உள்ளவனுக்கு அது சுலபமான நேரம் இல்லை. நீலம் ஒவ்வொரு வரியைத் தொடங்கும்போதும் அவன் தோள் லேசாகக் குறுகியது. அவன் அறியாமலேயே பெட்டியின் மேல் அவன் விரல்கள், இவள் எந்தக் கட்டையில் பாடுகிறாள் என்று தேடிக்கொண்டிருந்தன. வெள்ளைக் கட்டையில் இல்லை, கறுப்பிலும் இல்லை. மூன்று முறை தேடிவிட்டுக் கையை எடுத்துப் பேன்ட் பையில் விட்டுக்கொண்டான்.

நீலம் அவனைப் பார்த்தது பதினோராவது ஷீட்டில். கறையக்காவுக்கு மட்டும் அது தெரிந்தது, குரல் அரை நொடி தொங்கியது. கறையக்கா தன் மூலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நீலம் மூச்சை இழுத்தாள். அந்த வரி முன்னைவிடச் சத்தமாக வந்தது. வாயை மூடவில்லை, வேகத்தைக் கூட்டவும் இல்லை. மிச்சம் ஐம்பத்தொன்பது ஷீட்டும் அதே நடையில் போயின. அம்மா ஒவ்வொரு ஷீட்டையும் வாங்கி மடித்து, அவனைப் பார்த்து, மகளைப் பார்த்து, அடுத்ததை வாங்கினாள்.

டீ நேரம் வந்தது. அம்மா எல்லோருக்கும் டீயும் பன்னும் கொடுத்தாள். அவனுக்கும் கொடுத்தாள். பிறகு எல்லோரும் தங்களுக்கு ஏதோ வேலை இருப்பதாக நினைத்துக்கொண்டு, காது கேட்கிற தூரத்துக்குத் தள்ளி நின்றார்கள். அந்த வீட்டில் காது கேட்கிற தூரம் கொஞ்சம் அதிகம்.

"நல்லா இருக்கியா?" என்றான்.

"இருக்கேன்."

"நான் அன்னைக்குப் பேசினது தப்பு. யோசிச்சுப் பார்த்தேன். நீ பாடக்கூடாதுன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது."

"ம்."

"நீ பாடணும். நானே சொல்லித் தரேன். தினமும் ஒரு மணி நேரம் உக்காந்தா ஆறு மாசத்துல உன் சுருதி சரியாயிடும். எனக்கு நம்பிக்கை இருக்கு."

உண்மையாகத்தான் சொன்னான். அவன் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நீலம் பன்னைப் பிட்டு டீயில் நனைத்துத் தின்றாள்.

"என் சுருதி சரியில்லன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சுமா பாடறே?"

"ஆமா."

அவன் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தான். அவள் பன்னின் மிச்சத்தைத் தின்றாள்.

"அப்ப நம்ம விஷயம்?" என்றான்.

"வேணாம்."

"கோவத்துல சொல்றியா?"

"இல்ல. போன வாரம் வந்திருந்தா பாட்டுக்காகவே உன்கூட வந்திருப்பேன்." கையிலிருந்த துணுக்குகளைத் தட்டிக்கொண்டாள். "நல்ல நேரத்துல வந்தே. தேங்க்ஸ். ரோலர் ஆறிடும், நான் போறேன்."

அவன் எழுந்தான். கேக் பெட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்தான். மாமா வந்து அதை அவன் கையிலிருந்து மரியாதையாக வாங்கிக்கொண்டார். அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு அவன்கூடப் போனார். தெருமுனைவரை போனார்கள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. அப்பா அவன் தோளில் கை வைத்தது மட்டும் தெரிந்தது. திரும்பி வருகிறவரைக்கும் அம்மா கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனுஷன் இப்போது வந்து மகளை ஏதாவது சொல்லப் போகிறார் என்று வாய்ச்சண்டைக்குத் தயாராக இருந்தாள்.

அப்பா வந்தார். கை கழுவினார். துடைத்தார். தன் இடத்தில் போய் நின்றார்.

"எங்க விட்டோம்?" என்றார்.

"அயோடின்லப்பா" என்றாள் நீலம்.

"எடு."

அயோடின் கறைக்கு அவள் எடுத்த குரல் கூரைத் தகரத்தில் போய் முட்டித் திரும்பியது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து வேறு வாசலுக்குப் போனது. கறையக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு சரியான இடத்தில் விட்டாள். ஷீட் கண்ணாடியாக வந்தது.

"ஏய், கொஞ்சம் மெதுவாப் பாடித் தொலையேண்டி!" என்று அம்மா கத்தினாள். "மனுஷனுக்குக் காது வேணாமா? கழுதை! கத்திக் கத்தி உயிர எடுக்கறா!"

ஆறு வாரத்துக்குப் பிறகு விழுந்த முதல் திட்டு. அந்தப் பக்கமிருந்து நீலம் பாட்டை நிறுத்தாமல், அடுத்த வரியின் தாளத்திலேயே பதில் சொன்னாள்.

"முடியாது, முடியாது, போம்மா!"

'போம்மா'வில் இரண்டு பேரும் விட்டார்கள்.